மனு முகாம்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் எதற்குப் போகலாம், எப்படிப் போகலாம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு அரசு முகாம் புதிதில்லை. வீடு தேடி வந்து ரத்த அழுத்தம் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் பதியும் முகாமை மு.க.ஸ்டாலின் 2023 ஜூலை 24-ல் தொடங்கிவைத்தது தருமபுரி மாவட்டம் தொப்பூரில். ‘மக்களுடன் முதல்வர்’ 2023 டிசம்பர் 18-ல் கோவையில் நகரங்களுக்காகத் தொடங்கியது. அது ஊராட்சிகளுக்கு வந்தபோது முதல் மேடை மீண்டும் நம் பக்கம்தான்: 2024 ஜூலை 11, தருமபுரி மாவட்டம் பாளையம்புதூர். அதன்பின் 2025 ஜூலை 15-ல் சிதம்பரத்தில் ‘உங்களுடன் ஸ்டாலின்’ தொடங்கியது. மாநிலம் முழுக்க 10,000 முகாம் என்று அப்போது அறிவித்தார்கள். அதில் ஊரகத்துக்கு 6,232, நகர்ப்புறத்துக்கு 3,768. ஊரக முகாமில் 15 துறைகளின் 46 சேவைகள், நகர முகாமில் 13 துறைகளின் 43 சேவைகள். மனுவுக்கு 45 நாளில் பதில் என்பது வாக்குறுதி.

இங்கே மதிப்பிடுவது இந்த மனு முகாம்களை. பெயர் மாறினாலும் வேலை செய்யும் விதம் ஏறக்குறைய ஒன்றே. திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடலாம். தாலுகா ஆபீஸ் படியேறத் தயங்குபவர்களுக்கு முகாம் உண்மையிலேயே நல்ல சேவை. ஒரே பந்தலில் வருவாய்த் துறை, மின்வாரியம், ஊரக வளர்ச்சி, உணவு வழங்கல், சமூக நலம் எல்லாம் மேசை போட்டு உட்காருகின்றன. கொடுத்த மனு கணினியில் ஏறி, ஒரு எண்ணும் கிடைக்கிறது. ஆனால் மனுவின் மேல் முடிவெடுப்பவர் அந்தப் பந்தலில் இல்லை. மனு அங்கிருந்து மறுபடி தாலுகா ஆபீஸுக்கும் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) மேசைக்கும்தான் போகிறது. இது தெரிந்து தயாராகப் போனவருக்கு வேலை முடிகிறது. வெள்ளைத்தாளில் “ஐயா, எனக்குப் பட்டா வேண்டும்” என்று மட்டும் எழுதிக் கொடுத்தவருக்கு 45 நாள் கழித்து ஒரு குறுஞ்செய்தி வருகிறது. அதோடு சரி.

பந்தலுக்குள் என்ன நடக்கிறது

நுழைந்ததும் ஓர் உதவி மேசை. என்ன கோரிக்கை என்று கேட்டு, எந்தத் துறை என்று சொல்லி, படிவம் தருவார்கள். படிவத்துக்குக் காசு கிடையாது. எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தரவும் அங்கே ஆட்கள் இருப்பார்கள். வெளியே மரத்தடியில் மனு எழுதிக் கொடுக்க யாராவது பணம் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. அடுத்து பதிவு மேசை. ஆதார் எண், செல்பேசி எண், முகவரி, துறை, கோரிக்கையின் சுருக்கம் ஆகியவற்றை டைப் செய்து ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அதன்பின் சம்பந்தப்பட்ட துறையின் மேசை. இன்னொரு மூலையில் இ-சேவை, ஆதார் திருத்தம். பக்கத்தில் மருத்துவ முகாம்.

இதில் அதிகம் கோட்டைவிடும் இடம் பதிவு மேசை. முன்னால் பெரிய வரிசை நிற்க, டைப் செய்பவர் கோரிக்கையை ஒரு வரியில் அடித்துவிடுவார். மூன்று பக்கத்துக்கு எழுதிய மனு “பட்டா வேண்டுதல்” என்று இரண்டு சொல்லாகிவிடும். தாலுகா ஆபீஸில் முதலில் திறந்து பார்ப்பது அந்த இரண்டு சொல்லைத்தான். ஆகவே மனுவின் முதல் வரியிலேயே முழுக் கோரிக்கையும் இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்: “இன்ன கிராமம், சர்வே எண் இவ்வளவு, உட்பிரிவு இவ்வளவு, கூட்டுப்பட்டா எண் இவ்வளவில் உள்ள என் பாகம் 0.40.5 ஹெக்டேரை, பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரப்படி உட்பிரிவு செய்து தனிப்பட்டா வழங்கக் கோருதல்.” டைப் செய்பவருக்கும் யோசிக்கும் வேலை இல்லை, அப்படியே அடித்துவிடுவார். ஒப்புகைச் சீட்டை வாங்கியதும் அந்த இடத்திலேயே படித்துப் பாருங்கள். துறை தவறாக இருந்தால் அங்கேயே மாற்றச் சொல்லலாம். வீட்டுக்கு வந்தபின் தெரிந்தால், மனு தவறான ஆபீஸுக்குப் போய், “இது எங்கள் துறை சார்ந்ததல்ல” என்று திரும்பும்வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, செல்பேசி எண். நம் இரண்டு மாவட்டத்துக்கும் இது தனிப் பிரச்சினை. பிள்ளைகள் பெங்களூருவில் கட்டட வேலையிலோ கம்பெனியிலோ இருப்பார்கள். வீட்டில் இருப்பது வயதான அம்மா அப்பா. ஆதாரில் மகன் எண், மனுவில் பக்கத்து வீட்டுக்காரர் எண், ரேஷன் கார்டில் எப்போதோ நிறுத்திவிட்ட பழைய எண். விஏஓ விசாரணைக்கு அழைத்தால் யாரோ எடுக்கிறார்கள், அல்லது யாரும் எடுப்பதில்லை. “மனுதாரரைத் தொடர்புகொள்ள இயலவில்லை” என்று அறிக்கை போய்விடும். ஊரிலேயே இருக்கும் ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். அதே எண்ணையே எல்லா மனுவிலும் கொடுங்கள். ஆதாரில் எண் மாற்ற வேண்டியிருந்தால் அதே பந்தலில் ஆதார் மேசை இருக்கிறதா என்று பார்த்து, முதலில் அதை முடித்துக்கொண்டு மனுவுக்கு வரலாம்.

பட்டா மனு

முகாமுக்கு வரும் கூட்டத்தில் நிறையப் பேர் கையில் இருப்பது நிலம் சம்பந்தமான காகிதம்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பட்டா மாறுதல் இரண்டு வகை. வாங்கியது முழு உட்பிரிவு என்றால் பெயரை மட்டும் மாற்றினால் போதும். சர்வேயர் வர வேண்டியதில்லை. ஒரு உட்பிரிவில் ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால், அல்லது அண்ணன் தம்பி பாகம் பிரித்திருந்தால், சர்வேயர் வந்து அளந்து, புது உட்பிரிவு எண் போட்டு, நில எல்லையைக் காட்டும் புலப்படத்திலும் கோடு போட வேண்டும். அதற்குக் கட்டணமும் உண்டு. கிராமப் பகுதியில் ஒரு உட்பிரிவுக்கு 400 ரூபாய். இந்த இரண்டாவது வகையை முகாமில் வெறும் மனுவாகக் கொடுத்தால் சர்வேயருக்கு அது வேலையாகப் போய்ச் சேராது. இ-சேவை மையத்திலோ இணையத்தில் ‘தமிழ்நிலம்’ தளத்திலோ முறைப்படி விண்ணப்பித்து எண் வாங்கினால்தான் அவருடைய வரிசையில் ஏறும். முகாமில் செய்ய வேண்டியது அந்த விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, இத்தனை நாளாக நிலுவையில் இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது. நிலுவையைக் கேட்கும் மனுவுக்குத்தான் முகாமில் பலம் அதிகம். புதிதாகக் கேட்பவர் பந்தலில் உள்ள இ-சேவை மேசையிலேயே முதலில் விண்ணப்பித்துவிட்டு, அந்த எண்ணோடு மனு மேசைக்குப் போகலாம்.

எடுத்துப்போக வேண்டியவை: கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, இப்போதைய சிட்டா (நிலம் யார் பெயரில், எவ்வளவு என்று காட்டும் பதிவு), புலப்பட நகல், ஆதார். சிட்டாவையும் அ-பதிவேட்டையும் (சர்வே எண்வாரியாக நில விவரம் உள்ள கிராமப் பதிவேடு) இணையத்திலேயே காசில்லாமல் எடுக்கலாம். ஆனால் எடுத்தபின் படிக்க வேண்டும். பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணும் சிட்டாவில் உள்ள எண்ணும் ஒன்றா? பரப்பு ஒத்துப்போகிறதா? பத்திரத்தில் ஏக்கர், சென்ட். சிட்டாவில் ஹெக்டேர், ஏர். 1 ஹெக்டேர் 2 ஏக்கர் 47 சென்ட். 1 ஏர் ஏறக்குறைய இரண்டரை சென்ட். சிட்டாவில் 0.40.5 என்றால் 0 ஹெக்டேர் 40.5 ஏர், அதாவது ஏறக்குறைய 1 ஏக்கர். இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிட்டால், “பரப்பில் வேறுபாடு உள்ளது” என்று ஒற்றை வரியில் திருப்பி அனுப்பும் பதிலை எதிர்பார்த்தே எழுதலாம்.

பெயர் இன்னொரு முட்டுக்கட்டை. பட்டாவில் தாத்தா பெயர், தகப்பன் பெயர் இல்லாமல் மொட்டையாக இருக்கும். அதே பெயரில் ஊரில் நான்கு பேர் இருப்பார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கு, கன்னடப் பெயர்கள் தமிழில் ஒவ்வொரு பதிவேட்டிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். முனியப்பா, முனியப்பன், முனிசாமி மூன்றும் ஒரே ஆள்தான் என்பது ஊருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. இறந்தவர் பெயரில் பட்டா இருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டும் வேண்டும். இறப்பு அப்போது பதிவாகவே இல்லை என்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஓராண்டு கடந்த பதிவுக்கு வருவாய்க் கோட்டாட்சியர் உத்தரவு தேவை. தருமபுரி மாவட்டத்தில் அந்த அலுவலகம் தருமபுரி, அரூர் இரண்டிலும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிருஷ்ணகிரி, ஓசூர் இரண்டிலும் இருக்கிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் மூன்றையும் ஒரே மனுவில் கேட்டால் ஒன்றும் நகராது. ஒன்று முடிந்து அடுத்தது.

பலர் பெயரில் ஒன்றாக இருக்கும் கூட்டுப்பட்டா வைத்திருப்பவர்கள் பலர் வாய்மொழியாகப் பாகம் பிரித்து, வரப்பு போட்டு, முப்பது வருஷமாகத் தனித்தனியாக உழுது வருவார்கள். அந்த அனுபவத்தை வைத்துத் தனிப்பட்டா கேட்டால் சர்வேயர் எல்லாக் கூட்டாளிகளின் சம்மதத்தையும் கேட்பார். ஒருவர் கையெழுத்துப் போடவில்லை என்றால் மனு அங்கேயே நிற்கும். பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. குடும்பத்துக்குள் செய்யும் பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலை 10 முதல் அது முறையே 40,000 ரூபாய், 10,000 ரூபாய் என்று உயர்ந்தது. செலவு என்று தயங்குபவர்கள் தங்கள் நில மதிப்புக்கு எவ்வளவு வரும் என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுப் பார்ப்பது நல்லது. மானாவாரி நிலத்துக்குப் பெரும்பாலும் உச்சவரம்பைத் தொடாது.

பாகம் பிரிக்காமல் வைத்திருப்பதால் வேறு இடத்திலும் அடி விழும். அதைக் கீழே சொல்கிறேன்.

உரிமைத் தொகை, ரேஷன் கார்டு, சான்றிதழ்கள்

2025 முகாம்களில் பெண்கள் வரிசை நீண்டதற்குக் காரணம் மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை. அதன் படிவம் முகாமில் மட்டும்தான் என்று அறிவித்திருந்தார்கள். நிபந்தனைகள் ஊருக்கே மனப்பாடம்: குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நஞ்சை 5 ஏக்கருக்குள் அல்லது புஞ்சை 10 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், கார் டிராக்டர் போன்ற நான்கு சக்கர வாகனம் கூடாது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் முதலில் கவனிக்க வேண்டியது கூட்டுப்பட்டா. நால்வர் பங்கில் உள்ள பன்னிரண்டு ஏக்கர் மேட்டுநிலத்தில் தன் பாகம் மூன்று ஏக்கர்தான் என்றாலும், சிட்டாவில் நால்வர் பெயரும் மொத்தப் பரப்பும்தானே இருக்கும். அடுத்து மின் இணைப்பு. அண்ணன் தம்பி இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் 3,600-ஐத் தாண்டுவது எளிது. அதற்கும் அடுத்து, எப்போதோ விற்று, இன்னும் பெயர் மாற்றாத டிராக்டர். மறுபடி மனுக் கொடுக்கும் முன் இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். காரணத்தைச் சரிசெய்யாமல் இரண்டாம் முறை, மூன்றாம் முறை கொடுத்தாலும் அதே பதிவைப் பார்த்து அதே பதில்தான் வரும். வங்கிக் கணக்கு விண்ணப்பிக்கும் பெண்ணின் பெயரில், ஆதார் இணைந்து இருக்க வேண்டும். கணவரோடு சேர்ந்த கணக்கைவிடத் தனிக் கணக்கே நல்லது.

ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தல், நீக்கல், முகவரி மாற்றம் ஆகியவை முகாமில் சுலபமாக முடியும் வேலைகளில் ஒன்று. திருமணமாகித் தனிக் கார்டு கேட்பவர்கள் இரு வீட்டுப் பெரியவர்களின் கார்டிலிருந்தும் பெயரை நீக்கிவிட்டு வர வேண்டும். நேரில் பார்க்க வருபவர் தனிச் சமையல் இருக்கிறதா என்று பார்ப்பார்.

மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வருமானச் சான்று வேண்டும். அட்டை கைக்கு வந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. காப்பீட்டு மேசை பந்தலில் இருந்தால் இது கட்டாயம் செய்துகொள்ள வேண்டிய வேலை. ஆஸ்பத்திரியில் படுத்தபின் ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

சாதிச் சான்றில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சான்றுக்குத் துணை வட்டாட்சியர், பட்டியல் சாதிச் சான்றுக்கு வட்டாட்சியர், பழங்குடியினர் சான்றுக்கு வருவாய்க் கோட்டாட்சியர். சித்தேரி மலையாளி மக்களோ அஞ்செட்டிப் பக்கத்து இருளர்களோ தாலுகா அலுவலகத்தோடு முடிந்துவிடும் என்று நம்பினால் ஏமாற்றம்தான். சித்தேரிக் கோப்பு அரூர் கோட்டாட்சியரிடம் போக வேண்டும். அஞ்செட்டிக் கோப்பு ஓசூருக்கு. தகப்பன் அல்லது தகப்பன் வழி உறவினருக்கு ஏற்கெனவே கொடுத்த சான்றும் உறவைக் காட்டும் காகிதமும் சேர்த்தால் விசாரணை சீக்கிரம் முடியும். பள்ளிச் சான்றில் சாதி தவறாகப் பதிவாகியிருந்தால் அதைத்தான் முதலில் திருத்த வேண்டும். கல்லூரி அட்மிஷன் நேரத்தில், மே, ஜூனில், இதைத் தொடங்குபவர்கள் படும் பாடு கொஞ்சமில்லை. பிள்ளை ஒன்பதாவது படிக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இ-சேவையில் சான்று ஒன்றுக்கு 60 ரூபாய் கட்டணம். முன்பே பதிவு செய்த குடிமக்கள் கணக்கு எண் இருந்தால் அதைக் குறித்து வைத்துக்கொண்டு போனால் அரை மணி மிச்சம்.

முகாமுக்கு எடுத்துப் போக வேண்டாதவை

நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் உள்ள நிலம். அண்ணன் தம்பி தகராறு. இலவச விவசாய மின் இணைப்பு. அது பதிவு மூப்புப்படி வரும், முகாம் மனுவால் வரிசை மாறாது. கலைஞர் கனவு இல்லம் கேட்டு வருபவர்களும் ஏராளம். வீட்டுக்கு 3.5 லட்சம், 360 சதுர அடி என்பது எல்லோருக்கும் தெரியும். பயனாளியைத் தேர்வு செய்வது ஏற்கெனவே எடுத்த கணக்கெடுப்புப் பட்டியலையும் கிராம சபையையும் வைத்து என்பது பலருக்குத் தெரிவதில்லை. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று ஊராட்சி அலுவலகத்தில் பார்ப்பதுதான் முதல் வேலை. பெயர் இருந்தும் வீடு கிடைக்காமல் விடுபட்டிருந்தால், வரிசை எண்ணைக் குறிப்பிட்டு அதற்கு மனுக் கொடுக்கலாம். வீட்டுமனைக்குப் பட்டா இல்லாமல் வீடு கேட்பதில் பயனில்லை.

தண்ணீர் மனு

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இரண்டு மாவட்டத்திலும் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை. அதற்கு மேல் பல வருஷம் குடித்தால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகிப்போவது. அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-ல் அடிக்கல், 2013 மே 29-ல் தொடக்கம். காவிரித் தண்ணீர் தொட்டிக்கு வராத நாளில் ஊராட்சி பழைய போர் (ஆழ்குழாய்) தண்ணீரை அதே குழாயில் விட்டுவிடும். தண்ணீர் வருகிறது என்று ஊரும் சும்மா இருந்துவிடும். குடிப்பது ஃபுளோரைடுத் தண்ணீர்.

“குடிநீர்ப் பிரச்சினை” என்று மட்டும் எழுதிய மனு ஊராட்சிச் செயலாளரிடம் வரும். “தற்போது குடிநீர் வழங்கப்பட்டு வருகிறது” என்று அவர் எழுதினால் மனு முடிந்தது. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. குழாயில் ஏதோ ஒரு தண்ணீர் வருகிறது. இந்த மனுவை எழுதும் முறையே வேறு. எந்த மேல்நிலைத் தொட்டி, அது எங்கே இருக்கிறது, எத்தனை வீட்டுக்கு, ஒகேனக்கல் தண்ணீர் கடைசியாக வந்த தேதி, அதன்பின் எந்த போர் தண்ணீர் ஏற்றப்படுகிறது என்று எழுத வேண்டும். ஒரு மாதத்துக்கு நாள்காட்டியில் குறித்து, ஒகேனக்கல் தண்ணீர் வந்த நாள், போர் தண்ணீர் வந்த நாள் என்று பிரித்துக் காட்டினால் இன்னும் நல்லது. கோரிக்கையை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று, குறிப்பிட்ட தொட்டிக்கு ஒகேனக்கல் தண்ணீர் வரத்தைச் சீராக்குதல். இது குடிநீர் வடிகால் வாரியத்துக்கு. இன்னொன்று, அந்த போர் தண்ணீரை ஃபுளோரைடு பரிசோதனை செய்து முடிவைத் தருதல். இது ஊரக வளர்ச்சித் துறைக்கு. ஒரே மனுவில் இரண்டும் இருந்தால் ஒரு துறை இன்னொரு துறையைக் கைகாட்டும். தெருவில் பத்துப் பேர் தனித்தனி மனுவாகக் கொடுத்தால் பத்து எண் விழும்; ஒரே மனுவில் பத்துக் கையெழுத்து என்றால் ஒரே எண். பரிசோதனை முடிவைக் காகிதத்தில் வாங்கிவிட்டால் அடுத்த கிராம சபையில் அதை வைத்துப் பேசலாம்.

மருத்துவ மேசை

மனுவுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் இதைப் பார்க்காமல் போய்விடுகிறார்கள். அது பெரிய நஷ்டம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஐந்து நிமிடம். அளவு கூடுதலாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து, பிறகு மக்களைத் தேடி மருத்துவத்தில் சேர்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள். சேர்ந்தவர்களுக்கு மாத்திரையைப் பெண் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இயன்முறை சிகிச்சை, நோய்த் தணிப்புச் சிகிச்சையும் இதில் உண்டு. தடங்கல் எங்கே என்றால், வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருப்பதில்லை. தன்னார்வலர் வரும்போது கதவு பூட்டியிருக்கும். தக்காளி பறிக்கப் போகும் பெண்களும் கிரானைட் வேலைக்குப் போகும் ஆண்களும் மாத்திரையை மாதக்கணக்கில் விட்டுவிடுவது இப்படித்தான். தன்னார்வலர் எந்தக் கிழமை உங்கள் தெருவுக்கு வருகிறார் என்று கேட்டு வைத்துக்கொண்டு, வீட்டில் இருக்கும் ஒருவரிடம் மாத்திரையைக் கொடுக்கச் சொல்லிவிடலாம்.

பதில் வந்தபின்

முகாமின் பலவீனம் இந்தக் கட்டத்தில்தான் தெரிகிறது. 45 நாள் என்று காலக்கெடு வைத்ததால், காலக்கெடுவுக்குள் மனுவை ‘முடிப்பது’ ஒரு வேலையாகிவிட்டது. கோரிக்கை தீர்ந்ததும் முடிந்த மனு; “உரிய ஆவணங்களுடன் இணையவழியில் விண்ணப்பிக்குமாறு தெரிவிக்கப்படுகிறது” என்று எழுதி அனுப்பியதும் முடிந்த மனு. இரண்டும் ஒரே கணக்கில் சேர்கின்றன. வயதான ஒருவர் அந்தச் செய்தியைப் படித்து, மனு ஏற்கப்பட்டது என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பார். இது சரியில்லை. தகுதியில்லை என்றால் எந்த நிபந்தனையில் தகுதியில்லை, எந்தப் பதிவை வைத்து அப்படிச் சொல்கிறார்கள் என்று இரண்டு வரி எழுதுவது கஷ்டமான காரியம் இல்லை. மனுவோடு இணைத்த ஆவணத்தைத் திறந்து பார்த்தார்களா என்பதே பல பதில்களில் தெரிவதில்லை. எத்தனை மனு முடிந்தது என்பதோடு எத்தனை பேருக்குக் கேட்டது கிடைத்தது என்பதையும் ஒவ்வொரு முகாமுக்கும் வெளியிட்டால்தான் இந்தத் திட்டத்தின் மேல் வைக்கும் நம்பிக்கை வீண்போகாது.

அதுவரை நாம் செய்யக்கூடியது உண்டு. பதில் வந்ததும் 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணுக்கு அழைத்து, மனு எண்ணைச் சொல்லி, பதிலை முழுதாக வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். திருப்தியில்லை என்றால் அந்த எண்ணைக் குறிப்பிட்டே அடுத்த மனு. பழைய எண் இல்லாமல் புதிதாக எழுதினால் முந்தைய அறிக்கையைப் பார்க்கவே மாட்டார்கள். பட்டா விஷயத்தில் வட்டாட்சியர் உத்தரவு தவறு என்றால் மேல்முறையீடு கோட்டாட்சியரிடம், அதற்கும் மேல் மறுசீராய்வு மாவட்ட வருவாய் அலுவலரிடம். 1983-ம் ஆண்டுப் பட்டா பாஸ்புத்தகச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. அதை முகாம் மனுவாகக் கொடுக்காமல் முறையான மேல்முறையீடாகவே கொடுக்க வேண்டும். என்ன விசாரித்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, மனு எண்ணைச் சொல்லி, விஏஓ அறிக்கை, வருவாய் ஆய்வாளர் அறிக்கை இரண்டின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் தர வேண்டும். “ஏன் தரவில்லை?” என்று கேள்வி கேட்டால் பதில் வராது, ஆவண நகலைக் கேட்டால் வரும்.

தேதி, இடம் விஷயத்திலும் கொஞ்சம் குறை. ஒரு முகாம் சில ஊராட்சிகளுக்கு மட்டும். நம் ஊராட்சிக்கு எந்த நாள் என்பது ஊராட்சி அலுவலகப் பலகையில் இருக்கும், ஆனால் மலைக் குக்கிராமங்களுக்கு அது காலதாமதமாகவே எட்டுகிறது. நூறு நாள் வேலை நடக்கும் நாளில் முகாம் வைத்தால் பெண்கள் ஒரு நாள் கூலியை விட்டுத்தான் வர வேண்டும். சித்தேரி, அஞ்செட்டி போன்ற பகுதிகளில் முகாமை மலைமேலேயே, பள்ளிக்கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை வைத்தால் கூட்டம் வேறுமாதிரி இருக்கும். ஓசூர்ப் பக்க முகாமில் தெலுங்கும் கன்னடமும் பேசத் தெரிந்த ஒருவராவது உதவி மேசையில் உட்கார வேண்டும். “என்னம்மா வேணும்?” என்று கேட்டதும், வாய் திறக்காமல் காகிதக் கட்டை மட்டும் நீட்டும் பெரியம்மாக்களுக்கு அந்த ஒருவர் இருந்தால் போதும்.

மாதத்தில் ஒரு புதன்கிழமை ஆட்சியர் ஒரு தாலுகாவில் ஒரு நாள் முழுக்கத் தங்கிப் பார்வையிடும் ‘உங்களைத் தேடி, உங்கள் ஊரில்’ 2024 ஜனவரி 31-ல் தொடங்கியது. தனிப்பட்டா, ரேஷன் கார்டு போன்றவற்றை அதில் கொண்டுபோவதைவிட, ஊருக்குப் பொதுவான பாலம், தண்ணீர்த் தொட்டி, ஆரம்ப சுகாதார நிலையம், பஸ் ஆகியவற்றுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். அதிகாரிகள் இடத்தை நேரில் பார்க்க வருவது அன்றைக்குத்தான். நிலப் பதிவேட்டில் சின்னச் சின்னப் பிழை என்றால் மே, ஜூனில் தாலுகா ஆபீஸில் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி இன்னும் நல்ல இடம். கிராமக் கணக்குகள் எல்லாம் அன்று மேசைமேலேயே இருக்கும், விஏஓவும் பக்கத்திலேயே நிற்பார். ஜமாபந்திக்கு எந்தப் பிர்க்காவுக்கு (குறுவட்டத்துக்கு) எந்த நாள் என்பதை ஏப்ரல் கடைசியிலேயே விஏஓவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.